வாரம் ஒரு நாவல்: அம்மாவின் ஊருக்குப் போன ஜாஸ்... உங்கள் தாத்தாவின் ஊர் எது?

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் வசிக்கும் பதின்வயதுப் பெண் ஜாஸ். கோடை விடுமுறையில் நண்பன் ஸ்டீவுடன் சேர்ந்து தங்கள் சின்ன வியாபாரத்தைக் கவனிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அவன்மேல் இருக்கும் காதலை எப்படிச் சொல்வது என்ற யோசனை வேறு. ஆனால், குடும்பத்தோடு புனேவுக்குக் கிளம்ப வேண்டியதாகிறது. அவள் அம்மா சிறுவயதில் இருந்த ஆதரவற்றோர் இல்லம் அங்கேதான் இருக்கிறது.

கொல்கத்தாவில் பிறந்த மிதாலி பெர்கின்ஸ் எழுதி, 2004-ல் வெளியான 'மான்சூன் சம்மர்' என்ற ஆங்கில நாவலின் தொடக்கம் இது.

புனேயில் ஜாஸின் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள் டனிதா. அதே இல்லத்தில் வளரும் பெண், ஏறக்குறைய அதே வயது. தங்கைகளைக் கரைசேர்க்க, தன்னைவிட மிகவும் மூத்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்வதா என்று தவிக்கிறாள். ஜாஸின் அம்மாவை யாரும் தத்தெடுக்காமல் போயிருந்தால் அவர் கதையும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றும். நாவலின் பலமே அதுதான்.

கொடைக்கானலிலும் உண்டு இந்தக் கதை!

வெளிநாட்டில் வேர் என்றதும் அமெரிக்கா, லண்டன் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். நம் பழனி மலையிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. மலைப்பூண்டுக்கும் குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் பெயர்போன பூம்பாறை இருப்பது இந்த மலையில்தான். இங்குள்ள பழைய விவசாயக் குடிகளே தாராபுரம், காங்கயம் பக்கமிருந்து மலையேறி வந்ததாக வாய்மொழிக் கதை உண்டு. பின்னாளில் கடல் தாண்டியும் ஆட்கள் வந்தார்கள்.

இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்த தமிழர்களில் பெரும்பாலோர், 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது. அவர்களில் பலர் அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை!

சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். கொழுந்து பறித்தே பழகிய கைகளுக்கு வியாபாரம் வரவில்லை. பலர் பழகிய குளிரையும் கூலி வேலையையும் தேடி நீலகிரிக்குப் போனார்கள். சிலர் கொடைக்கானல் மலைக்கு வந்தார்கள்.

அட்டையில் இல்லாதது

வந்தவர்களிடம் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. அட்டையில் பெயரும் வயதும் இருக்கும். அங்கேயே தங்கிவிட்ட அத்தை யார், ஒரே லயத்தில் இருந்தவர்கள் ஏன் இரண்டு நாட்டுக்குப் பிரிந்தார்கள் என்பதெல்லாம் இருக்காது. அது பெரியவர்கள் மனசில்தான் இருக்கிறது. 1970-ல் பத்து வயதில் கப்பலேறிய பிள்ளைக்கே இன்று அறுபது தாண்டிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே இவற்றைக் கேளுங்கள்:

* தோட்டத்தின் பெயர் என்ன? ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர்கள் அழைத்த பெயர் வேறாக இருக்கலாம். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

* பக்கத்து டவுன் எது? அட்டன், பதுளை, நுவரெலியா என்று ஏதாவது ஒன்று சொன்னாலும் தேட ஒரு வழி கிடைக்கும்.

* கங்காணி யார்? பக்கத்து லயத்தில் யார் இருந்தார்கள்?

* இலங்கைக்குப் போகும் முன் தமிழ்நாட்டில் எந்த ஊர்? வேர் அங்கே இன்னொரு முறையும் கிளை பிரியும்.

போனில் பதிவு செய்துகொள்வது நல்லது. பழைய அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது வையுங்கள். சிலர் பேச விரும்ப மாட்டார்கள். விட்டுவந்த வலி அப்படி. வற்புறுத்த வேண்டாம், சாப்பாட்டைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ ஆரம்பித்தால் மற்றது தானாக வரும்.

ஜாஸுக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது. உங்களுக்கு அடுத்த அறைக்குப் போனால் போதும்.