மொழிக்கு ஒரு குறி, வழுவுக்கு ஓர் இடம்

பல மொழிகளில் வெளியாகும் திறமூல மென்பொருள் திட்டமொன்றின் தலைமைப் பராமரிப்பாளர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



வழுப் பதிவேட்டில் பகுப்பு என்பது, வந்து சேரும் அறிக்கையை அதைத் திருத்தக்கூடியவரின் பார்வைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு. மொஸில்லா திட்டத்துக்காக டெர்ரி வைஸ்மன் 1998இல் உருவாக்கிய பக்ஸில்லா என்ற வழுப் பதிவேட்டு மென்பொருள் இந்த அடிப்படையில் அமைந்தது. அதில் ஒவ்வொரு வழுவும் ஒரு தயாரிப்பின் கீழ், அந்தத் தயாரிப்பின் ஒரு கூறின் கீழ் பதிவாகும். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பொறுப்பாளர் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பார். கூறு சரியாக இருந்தால் அறிக்கை அவரிடம் தானே போகும். கூறு தவறினால், எவ்வளவு நன்றாக எழுதப்பட்ட அறிக்கையும் சம்பந்தமில்லாதவரின் பட்டியலில் கிடக்கும்.

பன்மொழித் திட்டங்களில் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. ‘மொழிபெயர்ப்பு’ என்று ஒரே ஒரு பகுப்பைத் திறந்துவிட்டு, ஆங்கிலமல்லாத இடைமுகத்தில் தென்படும் எல்லாக் குறைகளையும் அதற்குள் தள்ளிவிடுவதே காரணம். பயனருக்குக் குறை தமிழிலோ அரபியிலோ தெரிகிறது. ஆனால் அது பிறக்கும் இடங்கள் நான்கு. திருத்த வேண்டியவர்களும் வேறு வேறு.

முதலாவது, மொழிபெயர்ப்பே பிழையாக இருப்பது: பொத்தானில் எழுத்துப்பிழை, ஒரே கட்டளைக்குப் பட்டியில் ஒரு சொல், உதவிப் பக்கத்தில் இன்னொரு சொல். இதை அந்த மொழிக்குழு பான்டூன், வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளங்களிலேயே திருத்திவிடும். நிரலாளர் தலையிட வேண்டியதில்லை.

இரண்டாவது, மொழிபெயர்க்க இடம் தராத நிரல். ‘அழி’ என்ற சொல்லையும் கோப்பின் பெயரையும் ஆங்கில வரிசையில் நிரலே ஒட்டினால், வினை இறுதியில் வரும் தமிழில் சரியான வாக்கியம் அமையாது. மொழிபெயர்ப்பாளர் எந்தச் சொல்லைப் போட்டாலும் வரிசை மாறாது. ஒருமை, பன்மை என்று இரண்டு வடிவங்களை மட்டும் எதிர்பார்க்கும் நிரலில் ஆறு வடிவங்கள் கொண்ட அரபி அடங்காது. இத்தகைய வழுக்களைத் தனியே பிரிக்க மொஸில்லா ‘எல்12ஒய்’ என்றொரு குறிச்சொல்லை வைத்திருக்கிறது. இவை நிரலாளரின் வேலை. மொழிக்குழுவின் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் தீராதவை.

மூன்றாவது, எழுத்துருவும் எழுத்து வடிவாக்கமும். ‘கொ’ என்ற எழுத்தில் ககரத்துக்குப் பின்னால் ஒற்றைக் குறியாகச் சேமிக்கப்படும் உயிர்க்குறியை, வடிவாக்கி எனப்படும் நிரல் இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்த வேண்டும். அது தவறினால் திரையில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளி வட்டம் தோன்றும். பயர்பாக்ஸ், குரோம், லிப்ரெஆபிஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் செய்கிறது. ஆகவே இத்தகைய வழு பெரும்பாலும் திட்டத்துக்கு வெளியே, ஹார்ஃப்பஸ் குழுவுக்கோ எழுத்துரு வடிவமைப்பாளருக்கோ போக வேண்டியது. ‘மேல்நிலைத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டது’ என்ற நிலைக்குறியும், அங்குள்ள பதிவின் இணைப்பும் இதற்குத் தேவை.

நான்காவது, வட்டாரத் தரவு: மாதப் பெயர், தேதி வரிசை, எண்களில் காற்புள்ளி இடும் முறை, அகரவரிசை. இவற்றைப் பல மென்பொருள்கள் யூனிகோட் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் களஞ்சியத்திலிருந்து எடுக்கின்றன. அங்கே திருத்தாமல் திட்டத்துக்குள் ஒட்டுப்போட்டால், அடுத்த புதுப்பிப்பில் அதே வழு திரும்பிவரக்கூடும்.

இந்த நான்கும் தனித்தனிப் பகுப்புகளாக இருக்க வேண்டும். மொழி அவற்றுக்குள் அடங்கும் உட்பிரிவாக இல்லாமல், எந்தப் பகுப்போடும் சேரக்கூடிய தனிக் குறியாக இருக்க வேண்டும்.

வழுக்களை மொழிவாரியாகக் குறிப்பதற்கு நடைமுறையில் இரண்டு முன்மாதிரிகள் உண்டு. மொஸில்லா தன் பக்ஸில்லாவில் மொழியாக்கத்துக்கென ஒரு தயாரிப்பை அமைத்து, தமிழ் உட்பட ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கூறு ஒதுக்கியிருக்கிறது. கேடீஇ என்ற திறமூலத் திட்டமும் அதே வழியில் செல்கிறது. மொழிக்குழு தன் கூறை மட்டும் கவனித்தால் போதும் என்பது இதன் பலம். ஆனால் பக்ஸில்லாவில் ஒரு வழு ஒரு கூறில்தான் இருக்க முடியும். தமிழ், மலையாளம், வங்காளம் மூன்றிலும் ஒருசேரத் தெரியும் உயிர்க்குறிச் சிக்கலை எந்த மொழியின் கூறில் போட்டாலும் மற்ற இரண்டு குழுக்களுக்கும் அது தெரியாமல் போகும். மொழிபெயர்ப்புப் பிழைகளுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும்.

இரண்டாவது முன்மாதிரி குபர்நெட்டீஸ் ஆவணத் திட்டம். அது இயங்கும் கிட்ஹப்பில் லேபிள்களுக்குப் படிநிலை கிடையாது. அந்தக் குறையை முன்னொட்டுகளால் ஈடுசெய்கிறார்கள். வழுவின் வகைக்கு ஒரு முன்னொட்டு, பொறுப்பான குழுவுக்கு ஒன்று, முன்னுரிமைக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று. ஒவ்வொரு மொழியின் அடைவிலும் உரிமையாளர் கோப்பு ஒன்று இருக்கிறது. அந்த அடைவில் யாரேனும் மாற்றம் முன்மொழிந்தால் மொழி லேபிள் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒரே பதிவில் இரண்டு மொழி லேபிள்கள் இருக்கவும் தடையில்லை. புதிதாகப் பகுப்புகளை அமைக்கும் திட்டத்துக்கு இந்த வழியே ஏற்றது.

மொழிக் குறிகளுக்குப் புதிய பெயர் சூட்ட வேண்டாம். பிசிபி 47 தரநிலையில் உள்ளவையே போதும். நாட்டுக்குறியை வேறுபாடு உள்ள இடத்தில் மட்டும் சேர்க்கலாம். நாணயமும் எண்வடிவமும் பற்றிய வழுவில் இந்தியத் தமிழையும் இலங்கைத் தமிழையும் பிரிப்பது பொருந்தும். எழுத்துப்பிழைக்கு அது தேவையில்லை. எளிய சீனம், மரபுச் சீனம் போன்றவற்றுக்கு எழுத்துமுறைக் குறி கட்டாயம். வலமிருந்து இடமாக எழுதும் அரபி, ஹீப்ரு, பாரசீகம், உருது ஆகியவற்றுக்கு எழுத்துத் திசை சார்ந்த பொதுக்குறி ஒன்று தேவை.

பகுப்பைத் தேர்ந்தெடுக்கும் சுமையைப் பயனர்மேல் ஏற்றக் கூடாது. கொம்பு இடம்மாறி நிற்பதைக் கண்டவருக்கு வடிவாக்கி பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இடைமுக மொழி, இயங்குதளம், திரைப்பிடிப்பு என மூன்றைப் படிவம் கேட்டால் போதும். வழு எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதை வகைப்படுத்தும் குழு முடிவு செய்யட்டும். அறிக்கையைப் பயனர் தம் மொழியிலேயே எழுதவும் அனுமதி வேண்டும்; மொழிக்குழுவில் ஒருவர் அதன் சுருக்கத்தை ஆங்கிலத்தில் சேர்த்துவிடலாம்.

தீவிரத்தை அளவிடுவதில்தான் பெரிய அநீதி நேர்கிறது. ஆங்கில இடைமுகத்தில் எழுத்துகள் சிதைந்தால் வெளியீட்டையே நிறுத்திவைப்பார்கள். அதே சிதைவு வேறொரு மொழியில் நேர்ந்தால், பயனர் எண்ணிக்கையைக் காட்டி ‘சிறு குறை’ என்று பதிகிறார்கள். அந்த மொழியில் மென்பொருளைத் திறப்பவருக்கு அது முழுத் தடை. எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை முன்னுரிமை சொல்லட்டும்; பாதிக்கப்பட்டவரால் மென்பொருளைப் பயன்படுத்த முடிகிறதா என்பதைத் தீவிரம் சொல்லட்டும். இரண்டையும் ஒரே புலத்தில் கலந்தால் சிறு மொழிகள் எப்போதும் கடைசியில்தான் நிற்கும்.

தலைமைப் பராமரிப்பாளர் அவர்கள் செய்ய வேண்டியவை சிலவே: ‘மொழிபெயர்ப்பு’ என்ற ஒற்றைப் பகுப்பை நான்காகப் பிரிப்பது, மொழியைத் தனிக் குறியாக்குவது, ஒவ்வொரு பகுப்புக்கும் ஒருவரி விளக்கம் எழுதி ஒரு பொறுப்பாளரை அமர்த்துவது, பழைய பதிவுகளை மொழிக்குழுக்களின் துணையோடு இடம் மாற்றுவது. எந்த மொழிக்குழுவும் இதைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. பதிவேட்டின் நிர்வாக உரிமை அவர்களிடம் இல்லை. அந்த உரிமையை வைத்திருப்பவர், அடுத்த வெளியீட்டுக்கான வேலை தொடங்கும் முன்பே இந்தச் சீரமைப்பை நிறைவேற்றித் தர வேண்டும்.