பேர் செல்லாத இடம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)

ஆண்டு மலரில் போய் ஒரு சினிமா நடிகரைப் பற்றி எழுதுகிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம்ம வகுப்பில் ஹூக் விதியை மறந்தவர்கள் இருக்கலாம். அஜித் நடித்த படங்களை வரிசையாகச் சொல்லத் தெரியாதவர்கள் ரொம்பக் குறைவு! அப்படியிருக்க, நமக்குத் தெரிந்த ஆளை வைத்தே ஒரு விஷயத்தைப் பேசினால் என்ன? எனக்கும் அவர் படம் பிடிக்கும். ஆனாலும் இது அவருக்குப் பாடும் புகழ்மாலை இல்லை. புகழ் வந்த பிறகு ஒரு மனிதர் நம்மிடம் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அதை நாம் காதில் வாங்கினோமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் அவருடைய ஆரம்பத்தைப் பார்ப்போம். 1971-ம் ஆண்டு மே முதல் தேதி, உழைப்பாளர் தினத்தன்று பிறந்தவர் அஜித் குமார். 1986-ல் மேல்நிலைப் படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டார். பிறகு என்ஃபீல்டு கம்பெனியில் ஆறு மாதம் மெக்கானிக் பயிற்சி. நம்ம பாஷையில் சொன்னால் அப்ரண்டிஸ்! கையில் கிரீஸ் படுகிற வேலை வேண்டாம், ஆபீஸ் வேலைக்குப் போ என்று அப்பா சொன்னதால் அதை விட்டுவிட்டு, ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதன்பிறகுதான் விளம்பரம், சினிமா எல்லாம். 1993-ல் ‘அமராவதி’ வந்தது. அடுத்து பைக் பந்தயத்தில் அடிபட்டு, முதுகில் ஆபரேஷன் நடந்து, ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். 1995-ல் ‘ஆசை’, 1996-ல் ‘காதல் கோட்டை’ என்று வந்த பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது.

இதில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. ‘அமராவதி’யில் நாம் பார்ப்பது அஜித்தின் முகம். கேட்பது விக்ரமின் குரல்! ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். 1990-லேயே கதாநாயகனாக நடிக்க வந்துவிட்ட விக்ரமுக்கு, 1999 டிசம்பரில் ‘சேது’ வந்துதான் விடிந்தது. இடையில் ஒன்பது வருஷம்! தியேட்டரில் தன் குரலுக்கு விசில் அடித்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரிந்திருக்கும்? தெரியாவிட்டாலும் வேலை நடந்தது. வேலை முன்னால் போகும், பேர் பின்னால் வரும். சில சமயம் வராமலும் போகும். இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது, பேர் வந்த பிறகு அஜித் என்ன செய்தார் என்று பார்ப்போம். 2011 ஏப்ரலில், தன் நாற்பதாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்துவிட்டார். அவருடைய ஐம்பதாவது படமான ‘மங்காத்தா’ அந்த வருஷம் ஆகஸ்டில்தான் வெளியானது. எந்த நேரத்தில் மன்றம் ரொம்பத் தேவையோ, அந்த நேரத்தில் கலைத்தார். பிறகு 2021 டிசம்பரில், இனிமேல் என்னை ‘தல’ என்றோ வேறு பட்டம் வைத்தோ அழைக்க வேண்டாம். அஜித், அஜித் குமார், ஏ.கே. என்று சொன்னால் போதும் என்று அறிக்கை விட்டார். 2001-ல் வந்த ‘தீனா’வில் கிடைத்த பட்டம் அது. இருபது வருஷம் சுமந்ததை இறக்கி வைத்தார். 2024 டிசம்பரில் மறுபடியும் ஓர் அறிக்கை. பொது இடங்களில் ‘கடவுளே அஜித்தே’ என்று கோஷம் போடுவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

2025 ஜனவரியில் துபாயில் கார்ப் பந்தயத்துக்குப் போயிருந்தபோது பேட்டி எடுத்தார்கள். அஜித் வாழ்க, விஜய் வாழ்க என்று கத்துகிறீர்களே, நீங்கள் எப்போது வாழப் போகிறீர்கள் என்று அதில் கேட்டார்.

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு நாம் என்ன செய்தோம்? அந்த வீடியோவை வெட்டி, பின்னணி இசை சேர்த்து, ஸ்டேட்டஸ் போட்டோம்! ‘நீ எப்ப வாழப்போற’ என்று கேட்டவரிடமே ‘செம மாஸ்’ என்று சொன்னால், அவர் தலையில் அடித்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வார்?

இங்கே சில நண்பர்கள் என்னை மடக்குவார்கள். ‘கோடி கோடியாகச் சம்பாதித்த பிறகு யார் வேணும்னாலும் தத்துவம் பேசலாம்டா. பசி தீர்ந்தவன் சாப்பாட்டைப் பற்றி அலட்டிக்கொள்ள மாட்டான்’ என்பார்கள். நியாயமான கேள்விதான். இன்னொன்றையும் நானே சேர்த்துச் சொல்கிறேன். அறிக்கையில் கோஷம் வேண்டாம் என்கிறார். ஆனால் 2025 ஏப்ரலில் வந்த ‘குட் பேட் அக்லி’ முழுக்க அவருடைய பழைய படங்களை நினைவுபடுத்தி நம்மை விசில் அடிக்க வைக்கிற காட்சிகள்தானே? அந்தப் படத்தின் இயக்குநர் ஆதிக் ரவிச்சந்திரனே அவருடைய ரசிகர். ஒரு கை வேண்டாம் என்கிறது, மறு கை வா என்கிறது. இந்த முரண்பாட்டை மூடி மறைக்க வேண்டியதில்லை. புகழில் பிழைக்கிற தொழிலில் இருந்துகொண்டு புகழை முழுசாக உதறிவிட யாராலும் முடியாது.

அப்படியானால் தலைகனம் ஏறாமல், கால் தரையில் நிற்க என்னதான் வழி? இதற்கு அவர் அறிக்கைகளைவிட அவர் செய்கிற காரியம்தான் எனக்குப் பதிலாகத் தோன்றுகிறது. தன் பேர் செல்லாத ஓர் இடத்தை அவர் தேடிப் போகிறார்!

கார்ப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் பார்முலா 2 பந்தயங்களில் ஓட்டினார். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. எதிரே வந்தவர்களுக்கு அவர் சூப்பர் ஸ்டாரா, துணை நடிகரா என்பது ஒரு பொருட்டே இல்லை. அங்கே கடிகாரம் காட்டுவதுதான் தீர்ப்பு. கடிகாரத்துக்கு ரசிகர் மன்றம் கிடையாது! பல வருஷ இடைவெளிக்குப் பிறகு, ஐம்பது தாண்டிய வயதில் மறுபடி போனார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. ஆனாலும் பந்தயத்தில் அவருடைய அணி 991 பிரிவில் மூன்றாவதாக வந்தது. அமெரிக்காவில் பால் நியூமன் என்று ஒரு பெரிய நடிகர் இருந்தார். அவரும் இப்படித்தான். 1979-ல், 54 வயதில், பிரான்சில் நடக்கிற லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டி, அவர் இருந்த அணி இரண்டாவதாக வந்தது. உலகமே முகம் தெரிந்து வைத்திருக்கிற மனிதருக்கு, முகத்தைப் பார்க்காத ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. ஹெல்மெட்டைப் போட்டுவிட்டால் எல்லாரும் ஒன்றுதானே!

இன்னொன்றும் நம்மைப் போன்ற தொழில்நுட்ப மாணவர்களுக்குத் தெரிய வேண்டியது. 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ ட்ரோன் குழுவுக்கு அஜித் ஆலோசகராக இருந்தார். ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் அந்தக் குழு இரண்டாமிடம் பெற்றது. காற்றில் ஏறுகிற ட்ரோனுக்கும் நடிகர் யார், மாணவர் யார் என்று தெரியாது. எடைக் கணக்கு தப்பினால் யார் தொட்டாலும் கீழேதான் விழும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். நான் மணவாள நகர்க்காரன். ரயில் நிலையத்துப் பக்கம் விடியற்காலையில் வந்து நின்று பாருங்கள். சென்னை போகிற மின்சார ரயிலுக்கு ஒரு கூட்டம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு கூட்டம். பக்கத்தில் மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர், இந்தப் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை, வடக்கே தள்ளிக் கும்மிடிப்பூண்டி சிப்காட். இங்கே செய்கிற வண்டியும் உதிரி பாகமும் எங்கெங்கோ போகிறது. எதிலாவது போல்ட் முடுக்கினவன் பேர் எழுதியிருக்கிறதா? கம்பெனி பேர் இருக்கும். முடுக்கின பையன், பஸ்ஸில் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவான். விக்ரம் குரல் கொடுத்த கதைதான் இது! நம்ம வேலையெல்லாம் அடுத்தவர் முகத்துக்குப் பின்னால் இருக்கிற குரல். அதனால்தான் அதை நெஞ்சில் எழுதச் சொன்னேன்.

இப்படிப் பேர் கிடைக்காத இடத்தில் இருக்கிறவனுக்கு, அடுத்தவர் பேரிலாவது கொஞ்சம் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஆசை வருகிறது. அது மனித இயல்பு. வாரம் ஆறு நாள் ஷிப்ட் பார்க்கிறவன் ஒரு நாள் தியேட்டரில் கத்தினால் அதில் குற்றம் காண நான் யார்? ஆனால் எங்கள் தெருவில் ஒரு படத்துக்கு பிளெக்ஸ் வைக்க ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டார்கள். போட்டவர்களில் இரண்டு பேர் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நாள் கூலி அது. எங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டு, ‘அவரு நம்ம தெருவுக்கு வருவாராடா?’ என்றார். ‘வரமாட்டாரும்மா.’ ‘அப்ப யாருக்குக் காட்ட வைக்கறாங்க?’ என்னிடம் பதில் இல்லை. அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். துபாயில் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் தன் பாஷையில் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பணம் போனால்கூடச் சம்பாதித்துவிடலாம். 2023 ஜனவரி 11-ம் தேதி, ‘துணிவு’ வெளியான அதிகாலையில், கோயம்பேடு ரோகிணி தியேட்டர் அருகே, மெதுவாகப் போன லாரி மேல் ஏறி ஆடிய ஓர் இளைஞர் கீழே விழுந்து இறந்துபோனார். வயது 19. என்னைவிட ஒரு வயது பெரியவர். நாம் பஸ்ஸில் போய் வருகிற அதே பூந்தமல்லி நெடுஞ்சாலைதான். அவர் வீட்டிலும் ஓர் அம்மா இருந்திருப்பார். மன்றம் கலைந்து பன்னிரண்டு வருஷம் ஆகப்போகிற நேரம் அது. நடிகர் மன்றத்தைக் கலைக்கலாம். நம்ம மனசுக்குள் இருக்கிற மன்றத்தை நாம்தான் கலைக்க வேண்டும்!

நமக்கு என்ன புகழா வரப்போகிறது, இதெல்லாம் நமக்கெதற்கு என்று யாராவது கேட்கலாம். வந்துவிட்டது நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். உங்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். எங்கள் தெருவில் நான் ‘டிப்ளமோ படிக்கிற புள்ள’. ரேஷன் கடையில் பாரம் நிரப்பவும், கரண்ட் பில்லில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கவும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் என்னைத்தான்! சித்தப்பா தன் நண்பர்களிடம் ‘எங்க வீட்டு இன்ஜினீயர்’ என்று அறிமுகம் செய்கிறார். சின்னப் புகழ்தான். ஆனால் பதினெட்டு வயதில் தலைக்கு ஏற அது போதும். போதாக்குறைக்குக் கையில் போன், அதில் ரீல்ஸ், அதற்கு எத்தனை லைக் என்கிற கணக்கு வேறு!

இந்த இடத்தில்தான் ஒர்க்‌ஷாப் நம்மைக் காப்பாற்றுகிறது. லேத்தில் ஒரு ஷாஃப்டைக் கடைந்து வெர்னியரை வைத்துப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 24.8 இருந்தால், நீங்கள் தெருவுக்கே இன்ஜினீயராக இருந்தாலும் அந்த ஜாப் குப்பைக்குத்தான். கடைந்தவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஜாதி, எந்த நடிகருக்கு ரசிகன் என்று வெர்னியர் கேட்பதில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு இதைவிட நல்ல நீதிபதி கிடைப்பாரா? வெளியே நம்ம பேரைக் கேட்டுச் சிலர் உயர்த்துவார்கள், சிலர் தாழ்த்துவார்கள். இங்கே இரண்டும் செல்லாது. சரியாகக் கடைந்தால் சரி என்று சொல்லும். அந்தச் ‘சரி’ தருகிற நிம்மதியை எந்த லைக்கும் தராது.

கடைசியாக நம்ம மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு வசூல் செய்கிறோம். அதில் எந்த நடிகர் படம் போட்டும் பிளெக்ஸ் வைக்க வேண்டாம். அஜித் படமும் வேண்டாம், விஜய் படமும் வேண்டாம். மிச்சமாகிற காசில், பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கிற இரண்டு பேருக்குக் கட்டுவோம். யாருக்குக் கட்டினோம் என்று மேடையில் அறிவிக்க வேண்டாம், மலரிலும் போட வேண்டாம். பேர் இல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்ய நமக்கு வருமா என்று பார்த்துவிடலாமே!

படம் பார்ப்போம். நன்றாக இருந்தால் கைதட்டுவோம். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எழுந்து வந்து, அவரவர் லேத்துக்கு முன்னால் நிற்போம். அவர் தன் வேலையைச் செய்துவிட்டார். நம்ம ஜாப் இன்னும் சக்கில் மாட்டியபடியே இருக்கிறது.