அப்டேற் போடமுதல் அம்மாவின்ர பைல்களை ஒருக்கா திறந்து பாருங்கோ

போன எபிசோடில் ஒரு கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டேன். "அம்மா அப்பாவின்ர லப்டொப் இன்னும் விண்டோஸ் 10. அதை 11க்கு மாத்தலாமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. "மாத்தலாமா இல்லை, மாத்தத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். பதில் பிழையில்லை. ஆனால் அரைவாசிப் பதில். மிச்ச அரைவாசியை, அடுத்த வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வந்த ஒரு போன் எனக்குச் சொல்லித் தந்தது.

எடுத்தவ இங்கே சட்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிற ரீச்சர். ஏழு வயதில் எனக்கு 'அ' எழுதப் பழக்கினவ. "தம்பி, புது லப்டொப்பில சோதினைப் பேப்பரைத் திறந்தால் முழுக்க இங்கிலிஸ் எழுத்தாக் கிடக்கு. ஆரும் ஹக் பண்ணிப்போட்டாங்களோ?"

சோதனை மறுநாள் காலை பத்து மணிக்கு. பழைய லப்டொப் எங்கே என்று கேட்டேன். அது விண்டோஸ் 11ஐ ஏற்காது என்று தெரிந்ததும், மகன் பைல்களை யுஎஸ்பியில் கொப்பி பண்ணிவிட்டு, டிஸ்க்கை அழித்து, கிம்ப்ரன் பார்க் வே மறுசுழற்சி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஒரு நல்ல பிள்ளை என்ன செய்யவேணுமோ அதைத்தான் செய்திருக்கிறார். பைல் ஒன்றும் தொலையவில்லை. தொலைந்தது எழுத்துரு.

நான் வாரநாட்களில் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இதுதான்: அலுவலகக் கணினிகளை 10இலிருந்து 11க்கு மாற்றுவது. அங்கே ஒரு கணினியைத் தொடமுதல், அதில் என்னென்ன மென்பொருள் இருக்கு, எது புதியதில் ஓடும், எது ஓடாது என்று பட்டியல் போடவேணும். மாதக்கணக்கில் பரிசோதிப்பார்கள். எங்கட வீடுகளில் அந்தப் பட்டியல் கிடையாது. மாற்றிவிட்டுத்தான் தேடுகிறோம்.

ரீச்சரின் பேப்பருக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். அது பாமினியில் அடித்தது. உங்களில் கனபேர் பாமினி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்திருக்க மாட்டீர்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் பைலுக்குள் தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன். அவ்வளவுதான் கணினிக்குத் தெரியும். ஜே என்ற இடத்தில் 'த' படத்தையும் கே என்ற இடத்தில் 'ம' படத்தையும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று ஆங்கில எழுத்துகள் வெளியே வரும். ரீச்சர் பார்த்தது அதைத்தான்.

வேர்ட்டுக்கும் இது தமிழ் என்று தெரியாது. வசனத்தின் முதல் ஆங்கில எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் பழக்கம் அதற்கு உண்டல்லவா? பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. ஆகவே 'தமிழ்' என்று தொடங்கும் வசனம் 'துமிழ்' ஆகிவிடும். நான் சின்ன வயதில் பார்த்த நோட்டீஸ் சிலதில் 'துமிழ்' இருந்தது. யாருக்கோ எழுத்துப் பிழை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு அப்பாவின் பழைய யுஎஸ்பி ஒன்றில் பாமினி கிடைத்தது. அனுப்பி, போனிலேயே சொல்லிச் சொல்லி இன்ஸ்ரோல் பண்ணவைத்தேன். பேப்பர் தமிழில் வந்தது. ஆனால் நாலு பக்கம் ஐந்து பக்கமாகியிருந்தது. இரண்டாம் பகுதியை வேறொரு ஆசிரியர் யூனிகோடில் அடித்திருக்கிறார், லதா எழுத்துருவில். பழைய விண்டோஸில் தமிழுக்கு லதாதான். விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசொப்ட் லதாவையும் விஜயாவையும் 'மேலதிகத் தமிழ் எழுத்துருக்கள்' என்று தனியே ஒதுக்கிவிட்டு, நிர்மலா யூஐ என்ற எழுத்துருவைப் பொதுவாக வைத்தது. லதா இல்லாத இடத்தில் நிர்மலா வந்து நிற்கும். இரண்டின் அகலமும் ஒன்றல்ல. வரி நீளும், கோடிட்ட இடம் அடுத்த வரிக்கு ஓடும், பக்கம் கூடும். செற்றிங்ஸில் 'ஒப்ஷனல் பீச்சர்ஸ்' என்ற இடத்துக்குப் போய் அந்தத் தமிழ் எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் திரும்ப நாலு பக்கம். ரீச்சர் பிரின்ற் எடுத்து முடியப் பதினொன்றே முக்கால்.

இதில் மைக்ரோசொப்டைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இருக்கிறது. விண்டோஸ் 2000தான் தமிழை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்த முதல் விண்டோஸ். எக்ஸ்பியில்கூட ரீஜனல் செற்றிங்ஸுக்குப் போய் ஒரு பெட்டியில் சரி போட்டு, விண்டோஸ் சிடியைப் போடச் சொன்னால் அதையும் போடவேணும். அந்த சிடி எந்த வீட்டில் இருந்தது? 2007இல் விஸ்ரா வரும்வரை தமிழ் தன்பாட்டில் வேலை செய்யவில்லை. அதற்குள் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று எங்கட ஆட்கள் பாமினியில் கோயில் நோட்டீஸ், பள்ளிப் பேப்பர், ஊர்ச் சங்க மலர், அந்தியேட்டிக் கல்வெட்டு எல்லாம் அடித்துக் குவித்துவிட்டார்கள். வேறு வழியில்லாத காலத்தில் அது கெட்டித்தனமான வழி. பிழை என்னவென்றால், வழி கிடைத்த பிறகும் நாங்கள் மாறவில்லை.

சொல்லப்போனால், தொண்ணூறுகளின் எழுத்துருக் கோப்பு ஒன்றை விண்டோஸ் 11 இன்னும் மறுபேச்சில்லாமல் ஏற்கிறது. அப்பிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2019 ஒக்டோபரில் மக்ஓஎஸ் கற்றலினா வந்த அன்றே 32-பிட் மென்பொருள் எல்லாம் நின்றுவிட்டது. விண்டோஸ் அப்படி ஒரேயடியாக வெட்டுவதில்லை. மெதுவாகக் கைவிடும். 16-பிட் புரோகிராம்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11க்கு 32-பிட் பதிப்பே இல்லை. அதனால் விண்டோஸ் 3.1 காலத்துச் சாமான் ஏதும் இருந்தால் அதன் கதை முடிந்தது. மலர்கள் செய்த பேஜ்மேக்கருக்கு 2001இல் வந்த 7.0 கடைசிப் பதிப்பு. அந்தப் பைல்களை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்கும், அதற்குப் பிறகு வந்தவை திறக்கா. ஒவ்வொரு அப்கிறேட்டிலும் ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது, அப்போது அந்த வீட்டில் ஆளிருப்பதில்லை.

"அப்ப 10இலேயே இருக்கட்டுமே" என்பீர்கள். வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேற் மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டலாம் என்று அறிவித்தார்கள். அதற்கு இங்கே செற்றிங்ஸை மைக்ரோசொப்ட் கணக்கில் பக்கப் பண்ணவேணும், இல்லையென்றால் 1000 ரிவோர்ட்ஸ் புள்ளி, அதுவும் இல்லையென்றால் 30 டொலர். பாரிஸில் இருக்கும் மச்சானுக்கு அந்த நிபந்தனை இல்லை, கணக்கில் லொகின் பண்ணினால் இலவசம். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிரெக்ஸிற்றுக்கு வோட்டுப் போட்டவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்.

அப்டேற் இல்லாத கணினியை இன்ரநெற்றில் விடுவது என்னவென்று இந்த நாட்டுக்குத் தெரியும். 2017 மே 12, வன்னாகிறை. என்எச்எஸ் ஆஸ்பத்திரிகளில் கணினிகள் பூட்டுப்பட்டு, ஆயிரக்கணக்கான அப்பொயின்ற்மென்ற்கள் ரத்தாகின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேற் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஏன் போடவில்லை? பல இடங்களில் காரணம் ரீச்சரின் காரணமேதான்: மாற்றினால் பழையது ஏதாவது ஓடாமல் போய்விடும் என்ற பயம். பயம் நியாயமானது. அதற்குத் தள்ளிப்போடுவது மருந்தல்ல.

அடுத்த கேள்வி, வேகம். "11 போட்டால் லப்டொப் இழுக்குமாமே?" என்று எல்லா அப்பாக்களும் கேட்பார்கள். அவர்களைச் சந்தேகப் பிராணி என்று சிரிக்கவேண்டாம். பழைய ஐபோன்களை ஐஓஎஸ் அப்டேற் மூலம் வேகம் குறைத்ததை 2017 டிசம்பரில் அப்பிள் தானே ஒப்புக்கொண்டது. பழுதான பற்றரியில் போன் திடீரென்று அணையாமல் இருக்கத்தான் என்று விளக்கம் சொன்னார்கள். சொல்லாமல் செய்ததற்காகப் பிரான்ஸில் 2020இல் 25 மில்லியன் யூரோ தண்டம்.

விண்டோஸில் நான் பார்க்கும் கதை வேறு. அப்கிறேட் முடிந்த முதல் ஒன்றிரண்டு நாள் எந்தக் கணினியும் மூச்சு வாங்கும், ஏனென்றால் பின்னால் பைல்களைத் திரும்ப அட்டவணைப்படுத்திக்கொண்டும் மிச்ச அப்டேற்றுகளை இறக்கிக்கொண்டும் இருக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் இழுத்தால் டிஸ்க்கைப் பாருங்கள். சுழலுகிற பழைய ஹாட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், வேறெதுவும் அந்த அளவு வித்தியாசம் தராது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ராம் போதும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். போதாது. எட்டாவது இருக்கவேணும். 'மெமரி இன்ரெகிறிற்றி' என்று ஒரு பாதுகாப்பு வசதி கொஞ்ச வேகத்தைத் தின்னும், கேம் விளையாடுபவர்கள் அதை நிறுத்தலாம் என்று மைக்ரோசொப்டே எழுதியிருக்கிறது. தம்பியின் கேமிங் பிசியில் நிறுத்தினால் அது அவன் பாடு. அம்மா பாங்க் பார்க்கிற லப்டொப்பில் தொடவேண்டாம். அதேபோல, 11ஐ ஏற்காத லப்டொப்பில் சுற்றுவழியால் ஏற்றிவிடும் யூரியூப் வித்தைகளும் உங்கட கணினியோடு நிற்கட்டும். அப்படி ஏற்றியதற்கு அப்டேற் வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி சொல்வதில்லை.

இனி அந்த மிச்ச அரைவாசிப் பதில். லப்டொப்பை மாற்றமுதல், அழிக்கமுதல், அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் இருத்தி டொக்கியுமென்ற்ஸ் போல்டரைத் திறவுங்கள். பாமினி பைல் இருந்தால் முதல் வேலை, விண்டோஸுக்குள் இருக்கும் பொன்ற்ஸ் போல்டரிலிருந்து தமிழ் எழுத்துருக் கோப்புகள் எல்லாவற்றையும் யுஎஸ்பியில் எடுப்பது. பிறகு முக்கியமான ஒவ்வொன்றையும் பழைய கணினியிலேயே, எழுத்துரு உள்ளே பதியும்படி பிடிஎப் ஆக்குங்கள். அது தோற்றத்தைக் காப்பாற்றும். ஆனால் அதற்குள் தேட முடியாது, போனில் வெட்டி ஒட்டவும் முடியாது. அதற்கு யூனிகோடாக மாற்றவேணும். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் சும்மா கிடைக்கும்.

இங்கேதான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். பாமினி உள்ளே ஆங்கில எழுத்து என்பதால், எது உண்மையான ஆங்கிலம், எது தமிழ் என்று மாற்றிக்குத் தெரியாது. 'லண்டன்' என்று ஆங்கிலத்தில் இருந்த சொல் 'டுழனெழ' என்று வந்து நிற்கும். எத்தனையோ தமிழ் இணையப் பக்கங்களில் இந்த 'டுழனெழ'வை நான் பார்த்திருக்கிறேன், ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி. முகவரி, மருந்துப் பெயர், ஆட்களின் இனிஷியல் எல்லாம் இப்படித்தான் சிதையும். யாராவது இருந்து வாசித்துத் திருத்தவேணும். பெற்றோருக்குத் தமிழ் தெரியும், எங்கே சிதைந்தது என்று காட்டுவார்கள். ஏன் சிதைந்தது என்று உங்களுக்குத் தெரியும். தனித்தனியே இருவராலும் முடியாத வேலை. ஒரு ஞாயிறு பின்னேரம் காணும். 'பிறகு பாப்பம்' என்றால், அந்தப் பிறகில் லப்டொப் கிம்ப்ரன் பார்க் வேயில் இருக்கும்.

புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடிக்கவைப்பதுதான் கஷ்டம். இருபத்தைந்து வருடம் பாமினி விரலில் ஊறினவர்களிடம் தமிழ்99 பழகுங்கோ என்றால் கோபம் வரும், வருவது சரி. கீமான் போன்ற இலவச மென்பொருளில், பழைய விசைகளிலேயே அடித்து யூனிகோடாக வரவைக்கும் விசைப்பலகைகள் இருக்கின்றன. ரீச்சருக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன். "இதை முந்தியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றா. பத்து வருடமாக எனக்குத் தெரியும். அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சோதனை நடந்த சனிக்கிழமை பின்னேரம், ஒரு ஷொப்பிங் பையில் மூன்று யுஎஸ்பியும் ஒரு பெட்டி பிளொப்பி டிஸ்க்கும் தந்தா. பள்ளியின் பழைய மலர்களும் பதிவுகளும். யுஎஸ்பியில் செருகுகிற பிளொப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். பாதிக்கு மேல் வாசிக்கவே இல்லை. வாசித்ததில் ஒன்று கீழ்வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். திறந்தால் ஜேயும் கேயுமாக ஒரே குப்பை. பாமினியைத் தெரிவுசெய்தேன், பெயர்கள் எழும்பி வந்தன. எட்டாவது வரியில் நான். 'த'வில் தொடங்கும் என் பெயரை வேர்ட் 'து'வில் தொடக்கி வைத்திருந்தது.