ரீவிக்காக மாதத்தில் ஒரு நாள் வேலை



சென்ற இதழ் வெளிவந்த பிறகு புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பம் எங்களோடு தொலைபேசியில் கதைத்தது. ஹைமில் இருந்து வெளியேறி வாடகை வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். "அண்ணை, இன்ரநெற்றிலை நேரடியாய் ரீவி பாக்கிறதுக்கு மாதா மாதம் காசு கேக்கிறாங்கள். போன வரியத்திலும் பாக்க இப்ப கூடவாம். எடுக்கலாமோ, விடலாமோ?" என்று கேட்டார்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அந்தக் கேள்வியில் நாங்களும் அடிபட்டு எழும்பியவர்கள்தான். அதனால் இம்முறை அதையே எழுதுகிறோம்.

நாங்கள் ஜேர்மனிக்கு வந்தது 2011இல். ஹைமில் பொது அறை ஒன்றில் ஒரேயொரு ரீவி இருந்தது. பத்து நாட்டு மனிதர் அதைச் சுற்றி இருப்பார்கள், ரிமோட் யாருடைய கையில் என்பதில்தான் சண்டை. காசு பற்றிய கவலை இருக்கவில்லை. 2014இல் சொந்தமாக வாடகை வீடு எடுத்தபோதுதான் கடிதங்கள் வரத் தொடங்கின.

முதலில் வந்தது 'றுண்ட்புங்க் பைட்றாக்' என்ற ஒலிபரப்புக் கட்டணக் கடிதம். இங்கே நெடுங்காலம் வாழ்ந்த ஒரு பெரியவர், "வீட்டிலை ரீவி இல்லையெண்டு எழுதிவிடு தம்பி, காசு கேக்க மாட்டாங்கள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்த காலத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2013 ஜனவரி முதல் பெட்டிக்கு அல்ல, வீட்டுக்குத்தான் கட்டணம். ரீவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். நாங்கள் பழைய யோசனையைக் கேட்டு ஒன்றரை வருடம் கடிதங்களை லாச்சிக்குள் போட்டு வைத்தோம். முந்நூறு யூரோவுக்கு மேல் பாக்கி ஏறி, அதற்கு மேல் தண்டமும் சேர்ந்து வந்தது. தவணை முறையில் கட்டி முடித்தோம்.

புதிதாக வந்தவர்கள் இதைக் கவனமாக வாசிக்கவும். இந்தக் கட்டணம் 2021 ஆகஸ்டில் மாதம் 18.36 யூரோ ஆக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் அதை 18.94 ஆக்கும்படி பரிந்துரை வந்தது, மாநிலங்கள் கூட்டவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தாலும் ஒருவர் கட்டினால் போதும். அகதிகள் தங்கும் பொது விடுதியில் இருப்பவர்கள் கட்டத் தேவையில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு அகதிகளுக்கான உதவிப் பணமோ ஜொப் சென்ரரின் உதவிப் பணமோ பெறுபவர்கள் விலக்குக் கேட்கலாம். ஆனால் அந்த விலக்குத் தானாக வராது. படிவம் நிரப்பி, உதவி பெறும் கடிதத்தின் பிரதியை வைத்து அனுப்ப வேண்டும். முன்பே உரிமை இருந்து கேட்காமல் விட்டவர்கள் மூன்று வருடம் வரை பின்னோக்கியும் கேட்கலாம். கடிதத்தை மட்டும் லாச்சிக்குள் போட வேண்டாம்.

இரண்டாவது, கேபிள். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு துளை இருந்தது. வயரைச் செருகினோம், படம் வந்தது. சும்மா வருகிறது என்றே பத்து வருடம் நினைத்திருந்தோம். வாடகையோடு கட்டும் 'நேபன்கொஸ்ரன்' கணக்குக்குள் அதற்கும் காசு போய்க்கொண்டிருந்தது 2024இல்தான் தெரிய வந்தது. அந்த வருடம் ஜூலை 1ஆம் திகதியோடு வீட்டுக்காரர் கேபிள் காசை வாடகைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சட்டம் மாறியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் வீடுகளுக்கு இந்த மாற்றம் வந்தது.

அந்த வாரமே ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "இண்டைக்குக் கையெழுத்துப் போடாட்டி நாளைக்கு உங்கட ரீவி இருண்டு போகும்" என்ற மாதிரிச் சொன்னார். இரவு வேலை முடித்து வந்த களைப்பு. இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அடுத்த நாள் இடைவேளையில் இதைச் சொன்னபோது கூட வேலை செய்யும் துருக்கி நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். வாசலில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தைப் பதினான்கு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம் என்று அவர்தான் சொல்லித் தந்தார். அதன் பெயர் 'விடர்றூவ்'. நான்கு வரியில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டோம். தப்பினோம்.

அதன் பிறகுதான் இன்ரநெற் வழியாக நேரடி ரீவி தரும் சேவை ஒன்றை எடுத்தோம். தொடக்கத்தில் மாதம் 6.99. கொஞ்ச நாளில் 9.99. "மூன்று யூரோதானே" என்று விட்டுவிட்டோம். இந்த 'தானே' என்ற சொல்தான் எங்கள் வீட்டுக் காசைத் தின்ற எறும்பு.

2024 இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கிக் கணக்குத் தாளை மேசையில் விரித்தோம். கட்டாயக் கட்டணம் 18.36. நேரடி ரீவிச் சேவை 9.99. உதைபந்தாட்டச் சேவை 29.99. படம் பார்க்கும் சேவை 13.99. இவற்றோடு தமிழ்ச் சனல்கள் வரும் ஒரு 'பொக்ஸ்'. அதற்கு ஒரு தமிழ் ஆளிடம் வருடத்துக்கு 96 யூரோ, அதாவது மாதம் 8 யூரோ முற்பணம் கட்டியிருந்தோம். கூட்டினால் மாதம் 80 யூரோ 33 சதம்.

வரி, காப்புறுதி எல்லாம் வெட்டி எங்கள் கையில் வருவது மணித்தியாலத்துக்குப் பதினொரு யூரோ அளவில். எண்பதைப் பதினொன்றால் பிரித்தால் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. இடைவேளையைக் கழித்தால் எங்கள் ஒரு சிவ்ற் அவ்வளவுதான். மாதத்தில் ஒரு நாள் முழுக்க ரீவிக்காக பக்டறிக்குப் போய் வருகிறோம் என்று அப்போதுதான் விளங்கியது.

எதை வெட்டுவது? எங்கள் வாயில் உடனே வந்தது துணைவியாரின் தமிழ்ப் பொக்ஸ். "நாள் முழுக்க நாடகம்தானே ஓடுது" என்றோம். அவர் கோபிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"உங்களுக்கு பக்டறியிலை கதைக்க ஆக்கள் இருக்கினம். நீங்கள் இரவு வேலைக்குப் போனால், பிள்ளையும் படுத்தாப் பிறகு இந்த வீட்டிலை கேக்கிற மனுசக் குரல் அது ஒண்டுதான். அதையும் நிப்பாட்டப் போறியளோ?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. சரி, முதலில் எழுதிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். சுவரில் தொங்கும் கலண்டரில் இரண்டு மாதம் யார், எதை, எத்தனை மணித்தியாலம் பார்த்தோம் என்று பென்சிலால் குறித்தோம். மகன்தான் கணக்கப்பிள்ளை. அவனுக்கு அப்போது ஒன்பது வயது, ஒருவரையும் தப்ப விடமாட்டான்.

வந்த முடிவு எங்களுக்கு வெட்கமாக இருந்தது. உதைபந்தாட்டச் சேவையில் மாதத்துக்கு மூன்று ஆட்டம்தான் பார்த்திருந்தோம். ஒரு ஆட்டத்துக்குப் பத்து யூரோ! அதிலும் ஒன்றில் பாதியில் நித்திரை. மகன் அதையும் "அப்பா குறட்டை" என்று எழுதி வைத்திருந்தான். படச் சேவையை ஐந்து வாரமாக ஒருவரும் திறக்கவில்லை. ஜேர்மன் தனியார் சனல்களை வாரத்தில் ஒரு தரம் பார்த்தால் பெரிய காரியம். துணைவியாரின் தமிழ்ச் சனல்கள் மாதம் தொண்ணூறு மணித்தியாலம் ஓடியிருந்தன. மணித்தியாலத்துக்கு ஒன்பது சதம். நாங்கள் வெட்ட நினைத்ததுதான் வீட்டிலேயே மலிவானது. வெட்ட நினையாத எங்கள் பந்துதான் விலை கூடியது.

இந்த உதைபந்தாட்ட விலையைக் கொஞ்சம் பாருங்கள். டாசோன் என்ற சேவை 2016இல் ஜேர்மனியில் தொடங்கியபோது மாதம் 9.99 யூரோ. 2022 பெப்ரவரியில் புதிதாகச் சேர்பவர்களுக்கு 14.99 என்பது ஒரே தாவலில் 29.99 ஆனது. ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைப் பெருந்தொகைக்கு ஏலத்தில் எடுக்கிறார்கள், அந்தச் சுமை பார்ப்பவர் தலையில் வருகிறது. அப்படியும் ஒரு இடத்தில் எல்லாம் கிடைக்காது. 2025-26 பருவத்தில் புண்டஸ்லீகா ஆட்டங்கள் முழுவதையும் பார்க்க ஸ்கை, டாசோன் இரண்டுக்கும் கட்ட வேண்டும். அதேவேளை சனி மாலை ஏ.ஆர்.டி.யின் 'ஸ்போர்ட்சவ்' நிகழ்ச்சியில் அன்றைய ஆட்டங்களின் முக்கிய காட்சிகள் வருகின்றன. 2026 உலகக் கிண்ணத்தின் 104 ஆட்டங்களில் 60 ஆட்டங்களுக்கு ஏ.ஆர்.டி., இசட்.டி.எப். இரண்டும் உரிமை பெற்றன. அவற்றுக்கு நாங்கள் 18.36இல் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று.

இந்த இடத்தில் பொக்ஸ் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்தில் ஒரு நாள் அது செத்துப் போனது. விற்ற ஆளின் தொலைபேசியும் செத்துப் போனது. மீதி ஏழு மாதத்துக் காசு, 56 யூரோ, போனது போனதுதான். யாரிடம் போய் முறையிடுவது? அந்தப் பொக்ஸ் உரிமை இல்லாமல் சனல்களை எடுத்து விடுவது. அப்படியான வழியில் பார்ப்பவர்களுக்கும் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரல் 26இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 'எல்லாச் சனலும் எட்டு யூரோ' என்றால் ஏன் அவ்வளவு மலிவு என்று நாங்கள் முதலே கேட்டிருக்க வேண்டும். வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இப்படியான தலையிடி தேவையே இல்லை.

பொக்ஸ் போன அடுத்த இரவு வேலைக் கிழமை. காலையில் வந்து பார்த்தால் குசினியில் லைற் எரிகிறது, துணைவியார் மேசையிலேயே தலை வைத்துப் படுத்திருக்கிறார். "வீடு ஒரே சத்தமில்லாமல் கிடந்தது, நித்திரை வரேல்லை" என்றார். அன்றைக்கே நாங்கள் ஒன்றை முடிவு செய்தோம். இந்த வீட்டில் ஒரு சேவைக்குக் காசு கட்டுவதென்றால் அது அவருடைய சேவைதான்.

உரிமையோடு நடக்கும் ஒரு தமிழ்ச் சேவையை மாதம் 9.99க்கு எடுத்தோம். செய்திக்குக் காசு தேவைப்படவில்லை. தந்தி, புதிய தலைமுறை போன்ற சனல்கள் தாங்களே யூரியூப்பில் நேரடியாக விடுகின்றன. உதைபந்து, படம், நேரடி ரீவிச் சேவை மூன்றையும் நிற்பாட்டினோம். இப்போது மாதம் 28.35. மிச்சம் மாதம் 52 யூரோ அளவில், வருடத்துக்கு 624. அந்தக் காசில் மகன் நீச்சல் வகுப்புக்குப் போனான். துணைவியார் வொல்க்ஸ்ஹோக்சூலேயில் மாலை நேர ஜேர்மன் வகுப்பில் சேர்ந்தார். இப்போது வகுப்புத் தோழி ஒருத்தி இரவில் தொலைபேசி எடுக்கிறாள். நாடகம் ஓடும் நேரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நாங்கள் அதைக் குறிக்கவில்லை, மகன் சொன்னான்.

ஆகவே, எங்களைக் கேட்ட குடும்பத்துக்கும் மற்றவர்களுக்கும் எங்கள் அனுபவத்தில் சொல்வது இவைதான்.

முதலில் ஏற்கெனவே காசு கட்டியதைப் பாருங்கள். ஏ.ஆர்.டி., இசட்.டி.எப். சனல்களை இன்ரநெற்றிலும் நேரடியாக, மேலதிகக் காசு இல்லாமல் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு 'கீகா' சனல் இருக்கிறது. மொழி பழகுபவர்களுக்காக 2024 ஜூன் முதல் 'ராகஸ்சவ்' செய்தி இலகு ஜேர்மனில், கிழமை நாட்களில் மாலை ஏழு மணிக்கு 'ராகஸ்சவ் 24' சனலில் வருகிறது. குடும்பமாக இருந்து பாருங்கள். விளங்காத சொல்லை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

இரண்டாவது, காசு கொடுத்து எடுப்பதென்றால் ஒன்றை மட்டும் எடுங்கள், மாதத்துக்கு மாதம் நிற்பாட்டக் கூடியதாக எடுங்கள். 2022 மார்ச்சுக்குப் பிறகு செய்த ஒப்பந்தம் முதல் தவணை முடிந்து தானாக நீண்டால், ஒரு மாத அறிவித்தலோடு விலகலாம். இன்ரநெற்றில் ஒப்பந்தம் செய்ய விடும் கொம்பனிகள் விலகுவதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஜூலை முதல் சட்டம். விலை கூடும்போது 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் வரும். அதை வாசிக்காமல் அமத்தாதீர்கள். விளங்காவிட்டால் உங்கள் நகரத்தில் உள்ள 'வெர்பிறவுகர் சென்றாலே' என்ற பாவனையாளர் ஆலோசனை நிலையத்துக்குக் கடிதத்தோடு போங்கள்.

மூன்றாவது, வீட்டில் யாருக்கு எது தேவை என்பதைக் காசு கொண்டுவருபவர் தனியே தீர்மானிக்க வேண்டாம். கலண்டரும் பென்சிலும் போதும். எங்களைப் போல நீங்களும் வெட்கப்படலாம், அதனால் நட்டம் ஒன்றும் இல்லை.

பந்தாட்டம் பற்றிக் கேட்கிறீர்களா? சனி மாலை மகனும் நாங்களும் 'ஸ்போர்ட்சவ்' பார்க்கிறோம். குறட்டை விடுவதற்கும் அது போதுமாக இருக்கிறது.

அடுத்த இதழில் சந்திப்போம்.