கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்கள்!



எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு நம் வீடுகளில் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "அங்கிள், உங்க பொண்ணுக்கு சீட் இருக்கு. இன்னைக்கே 500 வெள்ளி கட்டிட்டா இடம் உறுதி" என்பார் கல்லூரி முகவர். அந்த வீட்டில் அதுவரை யாரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் வேறு. உடனே கையெழுத்து விழுகிறது. இரண்டு ஆண்டு கழித்து, கட்ட முடியாமல் படிப்பு நின்றுபோகிறது. கடன் மட்டும் நிற்கவில்லை. உங்கள் குடியிருப்பிலேயே இப்படி ஒரு பிள்ளை இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

மெட்ரிகுலேஷன் விஷயத்தில் நமக்கு இருப்பது நியாயமான கோபம். 2003-இல்தான் அது பூமிபுத்ரா அல்லாதாருக்குத் திறந்துவிடப்பட்டது, அதுவும் 10 விழுக்காடுதான். 2019-இல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆனபோதும் 90-க்கு 10 என்ற பங்கீடு மாறவில்லை. 10 ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் டியூஷனுக்கு வழியில்லாமல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே 7 ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன பதில்? இந்தக் கேள்வியை நாம் விடப்போவதில்லை.

ஆனால் உரிமைக் குரல் ஒரு பக்கம் ஒலிக்கட்டும். பிள்ளையின் வயது காத்திருக்காது. அதனால் இன்று கையில் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி படிவம் 6. "எஸ்.டி.பி.எம். ரொம்பக் கஷ்டம்" என்று சொல்லியே நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறோம். கஷ்டம்தான். ஆனால் ஒன்றரை ஆண்டு, அரசாங்கப் பள்ளி, பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரலாம். செலவு மிகக் குறைவு. அதில் நல்ல புள்ளி எடுத்தால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கலாம். அங்கே தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஆகவே செஸ் போட்டி, சாரணர், கழகப் பொறுப்பு எல்லாவற்றின் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்துங்கள். மூவெட் தேர்வையும் மறக்க வேண்டாம். மலாய் மொழியில் கிரெடிட் முக்கியம். 2013 முதல் வரலாறு பாடத்தில் தேர்ச்சி இல்லையென்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. படிவம் 4-இல் இருக்கும் பிள்ளைக்கு இதை இன்றே சொல்லுங்கள்.

வாய்ப்பை நேர்மையாக எடைபோடுங்கள். மருத்துவத்துக்கு மிகச் சிறந்த புள்ளி எடுத்தவர்களுக்கே இடம் தவறிப்போவது உண்டு. விருப்பப் பட்டியல் முழுவதையும் மருத்துவம், சட்டம் என்றே நிரப்பினால் பிள்ளை வெறுங்கையோடு நிற்கும். ஒன்றிரண்டு ஆசைக்கு, மற்றவை புள்ளிக்கு ஏற்ப. இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்கான நாட்கள் சொற்பம், தவறவிடாதீர்கள்.

இரண்டாவது வழி போலிடெக்னிக். படிப்புக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 ரிங்கிட் அளவில்தான். டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்கும் போகலாம். "கைத்தொழில் படிப்பா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளைக்கு ஆசிரியர் ஆக ஆசையென்றால், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படிக்கும்போதே மாதப் படித்தொகை உண்டு.

தனியார் கல்லூரிதான் என்று முடிவானால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் படிப்புக்கு எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் உண்டா? பி.டி.பி.டி.என். கடன் எவ்வளவு கிடைக்கும், மீதி யார் கட்டுவது? எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு என்ன? வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணம் மட்டும் செலவல்ல. அறை, சாப்பாடு, பேருந்து எல்லாம் சேர்த்து மாதம் 600 ரிங்கிட் என்று சிக்கனமாகப் போட்டாலும், மூன்று ஆண்டுக்கு 21,600 ரிங்கிட் ஆகிறது. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் இதை எங்கிருந்து எடுக்கும்? பி.டி.பி.டி.என். தருவதும் தானமல்ல, கடன். முதல் வகுப்பில் பட்டம் பெறுவோரில் நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்கள் மட்டும் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். மற்றவர்கள் கட்டித்தான் ஆக வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளையின் கல்விக்கு எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுமைக்கான சோறு. கடைசிக் கதவாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

விவரம் தெரியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். அதைச் சொல்லித்தர நமக்கு முன்னால் யாரும் படித்திருக்கவில்லை. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் போங்கள். உங்கள் தாமானில் பல்கலைக்கழகம் போன பிள்ளை இருந்தால் வீட்டுக்கு அழைத்து ஒரு டீ கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் ஏற்கெனவே படித்து வந்தவரா? அப்படியானால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தை இந்த ஆண்டு நீங்கள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அதுவும் போராட்டம்தான்.

முகவர் அடுத்த முறை அழைத்தால், "கணக்குப் போட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல கல்லூரி ஒரு வாரத்தில் ஓடிப்போகாது!