"முடியாது" என்பது யார் தீர்ப்பு?

ஒரு வஸ்துவுக்கு இதுதான் பிறவிக்குணம், அதை மாற்ற எவராலும் ஆகாது என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் யோசிக்க வேண்டிய சிரமம் யாருக்கும் இல்லாமல் போய்விடுகின்றது. இப்படிச் சொல்லுகிறவர்கள் பாமரர்கள் மாத்திரமல்ல. படித்த நிபுணர்களும் சொல்லி ஏமாந்திருக்கிறார்கள் என்பதற்கு ரசாயன சாஸ்திரத்திலேயே உதாரணம் இருக்கின்றது.

கரி அணுவானது சாதாரணமாக நான்கு பிணைப்புகளோடு நிற்கும். இரண்டே பிணைப்புகளோடு நிற்கும் கரி அணுவையுடைய பொருளுக்குக் கார்பீன் என்று பெயர். அது கணநேரம் தோன்றி மறையுமே ஒழிய, கையில் எடுத்து வைக்கத்தக்கதல்ல என்றே நெடுங்காலம் பெரும்பாலோர் நம்பி வந்தார்கள். ஆனால் 1988-ல் பிரான்சில் பெர்ட்ராண்டு குழுவினர் ஒரு கார்பீனைப் பிரித்தெடுத்தார்கள். 1991-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் ஆர்டுவெங்கோ குழுவினர் மற்றொன்றைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார்கள். காற்றும் ஈரமும் படாமல் காத்தால், 240 டிகிரி சென்டிகிரேடில் உருகியும் சிதையாத படிகம் அது! கரி அணுவின் இருபுறமும் நைட்ரஜன் அணுக்களை நிறுத்தி, பருத்த அணுக்கூட்டங்களை வேலியாக வைத்தார்கள். மந்திரம் ஒன்றுமில்லை.

காரியம் இதோடு நிற்கவில்லை. உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரைடுகளில் சில, வெகு சீக்கிரம் சிதைந்து போகக்கூடியவை. இண்டியம் என்னும் உலோகம் மூன்று ஹைட்ரஜன் அணுக்களோடு சேர்ந்த பொருள் சாதாரண வெப்பத்தில் தங்காது. உலோகம் வேறு, ஹைட்ரஜன் வாயு வேறு என்று பிரிந்துவிடும். 1998-ல் பிரிட்டனில் ஜோன்ஸ் குழுவினர் இதற்குக் கார்பீனைத் துணையாகச் சேர்த்துப் பிடித்து நிறுத்தினார்கள். 2000-ல் இன்னும் பருத்த கார்பீனைச் சேர்த்ததும் அது 100 டிகிரிக்கு மேலும் தாங்கிற்று. 2008-ல் சாதிகி குழுவினர் தங்க ஹைட்ரைடையே இவ்விதம் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

இது எப்படி ஆயிற்று? கார்பீன் தன்னிடமுள்ள எலக்ட்ரான் ஜோடியைக் கொடுத்து உலோகத்தை இறுகப் பற்றுகின்றது. அதன் பருத்த உடலோ, ஒரு மூலக்கூறு மற்றொன்றை நெருங்கவிடாமல் தடுக்கின்றது. நெருங்கினால்தானே சிதைவு சுலபமாகும்?

"கட்டிப்போட்ட பிறகு அதனால் என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்கலாம். கட்டு அளவோடு இருந்தால் வேலை கெடுவதில்லை. கார்பீனோடு சேர்ந்த செம்பு ஹைட்ரைடு, மற்றப் பொருள்களுக்கு ஹைட்ரஜனை ஏற்றும் வினையூக்கியாக வேலை செய்கின்றது.

தோழர்களே! நிற்காது என்று ஒதுக்கப்பட்ட கார்பீனே, நிற்காது என்ற மற்றொன்றைத் தாங்கி நிறுத்தியிருக்கின்றது. அப்படியிருக்க, "இது நிலையற்றது" என்று நம் பிள்ளைகளை நெட்டுருப் போடவைப்பது அறிவாகுமா? எந்த வெப்பத்தில் நிலையற்றது? எது பக்கத்தில் இருக்கும்போது? எவ்வளவு நேரம்? என்று கேட்கப் பழக்குவதே கல்வி என்போம். "முடியாது" என்கிறவரிடம் எந்த நிலையில் முடியாது என்று கேளுங்கள். "முடியும்" என்கிறவரையும் சும்மா விடாதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். ஆர்டுவெங்கோவை உலகம் ஒப்புக்கொண்டது அவர் பேச்சுக்காக அல்ல, புட்டியில் இருந்த படிகத்துக்காகவேயாகும்.