பாஸ்கலும் பழங்கணினியும்: ‘பொழுதுபோக்கு’ என்னும் வசை

பழங்கணினிகளில் பாஸ்கல் நிரல் எழுதுவோரைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் சிலரின் முகத்தில் ஏளனம் தோன்றிவிடுகிறது. ‘கடந்தகால ஏக்கம்’ என்று தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறார்கள். நான் கணினித்துறையைச் சார்ந்தவன் அல்லன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும் இத்தீர்ப்பை ஏற்க இயலவில்லை.

சூரிக்கில் நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட மொழி பாஸ்கல். நிரலாக்கத்தை ஒழுங்கோடு கற்பிப்பது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. எப்பெயரையும் முன்னரே அறிவித்த பின்புதான் பயன்படுத்தலாம் என்பது அதன் பொதுவிதி. கம்பைலர் மூலநிரலை ஒரே முறை படித்து முடிப்பதற்கு அவ்விதியே துணைநின்றது. விர்த்தின் குழு கற்பனை இயந்திரம் ஒன்றுக்கான கட்டளைகளாக நிரலை மாற்றும் கம்பைலரையும் உருவாக்கியது. அவ்வழியே மொழி சிறுகணினிகளை அடைந்தது; 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கும் வந்தது. 1983இல் போர்லண்ட் வெளியிட்ட டர்போ பாஸ்கலில் எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்தே 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் பன்மடங்கு பெரியது.

சிறியது என்பதற்காக நான் வியக்கவில்லை. சூரிக் கம்பைலரின் மூலம் சில ஆயிரம் வரிகளே; அதுவும் பாஸ்கலிலேயே எழுதப்பட்டது. ஆர்வமுள்ள ஒருவர் முதல் வரியிலிருந்து இறுதிவரை படித்து, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் தேட முடியும். இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு வாசகர் சாத்தியமே இல்லை.

குறைகள் இல்லையா? உண்டு. அணியின் அளவும் அதன் வகையில் அடங்கியதால், வெவ்வேறு அளவுள்ள அணிகளுக்குப் பொதுவான ஒரு செயல்முறையை எழுத முடியாது என்று பிரையன் கெர்னிகன் 1981இலேயே இடித்துரைத்தார். முற்றிலும் நியாயமான கண்டனம். ஆனால் அக்கண்டனத்தின் பொருள், அந்தச் சுவரில் தானே முட்டிக்கொண்டவருக்குத்தான் விளங்கும்.

கணினியை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்துப் படம் காட்டுவோரும் உளர். ஏளனம் அவர்களைச் சேரட்டும். நிரல் எழுதிப் பிழை திருத்துபவரை அவர்களோடு சேர்த்து எண்ணுவது அநீதி.

இதில் எனக்கென்ன அக்கறை? என் வகுப்பில் மூலநூலைத் திறவாமலே வினாவிடைக் கையேட்டைக் கொண்டு தேர்வெழுதித் தேறுகிறார்கள். நாமும் மதிப்பெண் வழங்குகிறோம். மூலத்தைத் தேடிச் செல்பவரைக் கண்டு நகைக்கும் உரிமையை நாம் என்றோ இழந்துவிட்டோம்.

மென்பொருள் வீணே பருத்துவருகிறது என்று 1995இல் எச்சரித்த விர்த், 2024ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தார். அவர் சொல்லை இன்றும் செயலால் மதிப்போருள் இந்தப் ‘பொழுதுபோக்காளர்களும்’ உளர். ஊதியமும் பதவி உயர்வும் கருதாமல் ஒன்றை அடிமுதல் கற்பதை, நாம் முன்பு கல்வி என்றுதான் அழைத்தோம்.